மேளக் குரங்கு

அவள் முகத்திலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது என்பது அந்த ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தம். கேலியாகத்தான் சொல்வார்கள், ஆனால் உள்ளே பாராட்டுதான். கைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பிரிவில் ஒன்பது வருடமாக முன் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். அந்த நாற்காலியில் உட்காருகிறவளுக்கு முகம் இருக்கக்கூடாது.

வேலை ரொம்பச் சுலபம், கேட்பதற்கு. வெளிச் சத்தம் புகாத ஒரு சின்ன அறை. நடுவில் ஒரு தாய், மடியில் குழந்தை. எதிரே முன் நாற்காலிக்காரி ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மெதுவாக ஆட்டிக் குழந்தையின் கண்ணை நடுவிலேயே நிறுத்தி வைப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி மெஷினில் உட்கார்ந்து, மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக ஒரு சத்தம் விடுவாள். குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பினால், அங்கே இருக்கும் கறுப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரியும், ஒரு குரங்கு பொம்மை தலையை ஆட்டி ஆட்டி மேளம் அடிக்கும். திரும்பியதற்குப் பரிசு அது. அடுத்தது இன்னும் மெல்லிய சத்தம், அதற்கடுத்தது அதைவிட மெல்லியது. இப்படிப் படிப்படியாக இறங்கி, எந்த இடத்தில் குழந்தை திரும்பாமல் போகிறதோ அங்கே கோடு போடுவார்கள். சத்தம் வரும் நேரத்தில் முன் நாற்காலிக்காரியின் புருவம் ஒரு நூல் ஏறினாலும் போச்சு. குழந்தைகள் பொல்லாதவை, காதை விட்டுவிட்டு முகத்தைப் படித்துத் திரும்பிவிடும்.

பழக வருகிற மாணவிகளுக்கு இரண்டு விஷயங்களை அவள் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுப்பாள். ஒன்று, குழந்தை திரும்பின அரை நொடிக்குள் குரங்கு ஆட வேண்டும். ஒருமுறை பெட்டி விளக்கு எரியாமல் போய், ஒரு பாப்பா நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு ஐந்தாவது தடவை திரும்பவேயில்லை. மாணவி தாளில் ‘காது மந்தம்’ என்று எழுதிவிட்டாள். இவள் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். “பாப்பாவுக்குக் காது மந்தமில்ல. நம்ம பல்புதான் அவுட்டு” என்றாள். இரண்டாவது, வெறும் திரும்பல். குரங்கு ரொம்பப் பிடித்துப்போன குழந்தைகள் சத்தமே வராதபோதும் அது அங்கே இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கும். அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, தாளில் பெருக்கல் குறி போட வேண்டும். வெறும் திரும்பல் அதிகமானால் டெஸ்ட் இழுத்துக்கொண்டே போகும். அவளுக்கு அது அறவே பிடிக்காது.

பிள்ளை பெற்றபிறகு அந்த முகம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வேலை நேரத்தில் மாட்டிக்கொண்டு வேலை முடிந்ததும் கழற்றி வைத்த முகம்தான், இப்போது கழற்ற வரவில்லை.

குழந்தைக்கு வீட்டில் பட்டாணி என்று பேர். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். இப்போது ஏழரை மாதம், கன்னமும் தொடையுமாக நன்றாகவே இருந்தாள். பால் நேரத்துக்குப் பால், வெந்நீரில் குளியல், தவறாமல் தடுப்பூசி, வாரம் ஒருமுறை நகம் என்று எதிலும் யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல யாரும் இல்லை என்பதும் உண்மை. மாமியார் வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனார். அவளுடைய அம்மா அவள் படிக்கும்போதே போய்விட்டாள். கணவன் லிப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்நேரமும் யாராவது ஒரு லிப்டில் மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களை வெளியே எடுத்துவிட்டு அவன் வீடு திரும்ப இருட்டிவிடும். மூன்றாம் மாடியில், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரிகிற வீட்டில், பகல் முழுக்க இரண்டு பேர்.

இரண்டு பேர் இருந்தும் பேச்சில்லை. குழந்தை வயிற்றில் இருந்தபோது அதனோடு வாய் ஓயாமல் பேசியவள்தான். பிறந்த பிறகு, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பாள், சொல்ல ஒன்றும் இருக்காது. சிரிக்க வேண்டும் என்று தெரியும். சிரிப்பதற்கு எந்தத் தசையை இழுக்க வேண்டும் என்றுகூடத் தெரியும், படித்தவள் இல்லையா? இழுத்தால் அடுத்த கணமே தொங்கிப்போகும். துக்கமா என்றால் அதுவும் இல்லை. அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது, அதுவும் வரவில்லை. காலையில் எழும்போதே, இன்னொரு பகலா என்று மலைப்பாக இருக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கேட்டால், உடம்பு சரியில்லையா, தூக்கம் போதவில்லையா என்பார்கள். ஆமாம் என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

முதல் மூன்று மாதம் பட்டாணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் குவித்து ஊ என்பாள், பார்ப்பாள். கையைக் காலை உதறி மறுபடி ஊ என்பாள், பார்ப்பாள். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பால் குடிக்கும்போது திரைச்சீலையைப் பார்க்க ஆரம்பித்தாள். இவள் குனிந்தால், வேண்டாத உறவுக்காரரைத் தெருவில் கண்ட பெரிய மனுஷி போலத் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். சண்டை இல்லை, அழுகை இல்லை, மரியாதையாகத்தான் திருப்பிக்கொள்வாள். அதுதான் இவளைக் குத்தியது. பெற்று ஏழு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பிள்ளை தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்போடு பகல் முழுக்க ஒரே அறையில் இருப்பது என்ன பாடு என்பதை இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே பின்னாலிருந்து பட்டாணி என்று கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள், அசையவேயில்லை. கையில் இருந்த துணியை அப்படியே கீழே போட்டாள்.

அன்று முழுக்க வீட்டிலேயே டெஸ்ட் நடந்தது. ஸ்பூனால் டம்ளரைத் தட்டினாள், காகிதத்தைக் கசக்கினாள், வலதுபக்கம், இடதுபக்கம், ஒரு கை தூரம், இரண்டு கை தூரம் என்று எல்லாம் முறைப்படி செய்தாள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. முதல் இரண்டு தடவை லேசாகத் திரும்பியது போல இருந்தது. அப்புறம் இல்லை. முதல் இரண்டும் தற்செயல் என்று முடிவுகட்டினாள். பக்கத்து வீட்டுக் கதவு அறைந்தபோது குழந்தைக்குத் தூக்கிவாரிப்போட்டதே? அது தரை அதிர்வு. அப்பா சாவியைக் குலுக்கினால் திரும்புகிறதே? அது அவன் நிழல். வேறு யாராவது தாய் என்றால் இவ்வளவு சாமர்த்தியமாகத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்காது. அவளுக்குத் தொழில் தெரியும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது.

எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் பயம் வரும். இவளுக்கு நிம்மதி வந்தது. சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. காது கேட்கவில்லை என்றால் பிள்ளை தன்னை ஒதுக்கவில்லை. காது கேட்கவில்லை என்றால் அதற்கு மெஷின் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, நிரப்ப வேண்டிய தாள் இருக்கிறது, அவளுக்கு அத்தனையும் தலைகீழ்ப் பாடம். காது கேட்கிறது என்று வந்துவிட்டால் தப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சுறுசுறுப்பாக இருந்து கணவன் பார்த்ததில்லை. போன் செய்தாள், நாள் வாங்கினாள், பிறந்தபோது எடுத்த டெஸ்ட் தாளைத் தேடி எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாக இதிலேயே போட்டிருக்கிறதே என்று அவன் கேட்டான். அப்போது சரியாக இருந்தால் இப்போதும் சரியாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை என்றாள். அவன் தாளை மடித்துக் கொடுத்துவிட்டான். லிப்டைப் பற்றி அவள் வாதாடினால் அவனுக்கு எப்படி இருக்கும்? ஆனால் படுக்கப்போகும்முன், “என்னைப் பாத்துச் சிரிக்குதே” என்று மட்டும் சொன்னான். அதற்கும் அவள் பதில் வைத்திருந்தாள்.

டெஸ்ட் மத்தியானம் இரண்டரை மணிக்கு. அந்த அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்துக்குப் பக்கத்துச் சுவர். சுவரை அதிர வைக்கும் அந்த மெஷின்கள் ஓயும் ஒரு மணி நேரத்தில்தான் மெல்லிய சத்தங்களை நம்பிப் போட முடியும். கணவன் வருவதாகத்தான் இருந்தது. ஒரு மணிக்குப் போன் வந்தது. பன்னிரண்டாம் மாடியில் ஒரு லிப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு கர்ப்பிணி இருக்கிறாளாம். “போகாம இருக்க முடியாதும்மா” என்றான். போங்கள் என்றாள். கர்ப்பிணியாவது வெளியே வரட்டும் என்று நினைத்தாள்.

பேருந்தில் குழந்தையை வெளிப்பக்கம் பார்த்தபடி மடியில் வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான் வைத்துக்கொள்வது, இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

மெஷின் பக்கம் எப்போதும்போல அக்கா இருந்தாள். கூடப் பிறந்த அக்கா இல்லை. ஒன்பது வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்ததில் வந்த உறவு. குழந்தையைக் கையில் வாங்கி, கனக்கிறாளே என்றாள். இவளைப் பார்த்து, இளைத்துவிட்டாயே என்றாள். அதற்குமேல் கேட்க வாய் எடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். முன் நாற்காலியில், இவள் விடுப்பில் போனதும் சேர்த்த புதுப்பெண் வளையத்தோடு தயாராக இருந்தாள். மிச்சம் இருந்தது தாய் உட்காரும் நாற்காலிதான். அந்த அறையில் அவள் உட்காராத ஒரே இடம் அது.

கதவை அடைத்ததும் காது அடைத்தது. மூலை ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்தது. எந்தத் தாய்க்கும் சொல்கிறதைத்தான் சொன்னாள்: சத்தம் வரும்போது அசையக்கூடாது, பிள்ளையைத் திருப்பக்கூடாது, மூச்சைக்கூட இழுத்துவிடக் கூடாது. சொல்லிவிட்டு, உனக்குப் போய் நான் சொல்கிறேன் பார் என்று தானே சிரித்துக்கொண்டாள்.

முதலில் சத்தமும் குரங்கும் சேர்ந்தே வந்தன. பட்டாணி திரும்பி, குரங்கைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பிறகு சத்தம் மட்டும். திரும்பினாள், குரங்கு ஆடியது. தாய் நாற்காலியில் இருந்தால் இது கண்ணால் பார்க்கிற விஷயம் இல்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குழந்தையின் கழுத்து அவள் மார்பின்மேல் உரசி உரசித் திரும்பியது. பாத்திரச் சத்தம் அளவு, பேச்சு அளவு, ரகசியம் அளவு என்று அக்கா இறங்கிக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் கழுத்து திரும்பியது. கடைசியில் ஒரு சத்தம் வந்ததா இல்லையா என்று இவளுக்கே தெரியவில்லை. அதற்கும் திரும்பியது.

“நல்லாக் கேக்குது. நம்ம ரெண்டு பேரையும்விட நல்லாக் கேக்குது” என்றாள் அக்கா ஸ்பீக்கரில். புதுப்பெண் வளையத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சந்தோஷச் செய்திதானே?

அவள் விடவில்லை. சத்தம் கேட்டால் போதுமா, பேச்சு கேட்க வேண்டாமா என்று பிடித்துக்கொண்டாள். அக்கா மைக்கில் பட்டாணி என்று மெல்லக் கூப்பிட்டாள். குழந்தை திரும்பியது, குரங்கு மேளம் அடித்தது.

“நான் கூப்பிட்டாத் திரும்பல. அதை யாரும் பாக்கல. நீங்க பாருங்க” என்றாள்.

அக்கா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். பிறகு, வா என்றாள். குழந்தையைப் புதுப்பெண்ணின் மடியில் மாற்றிவிட்டு இவள் வெளியே வந்து மெஷின் முன்னால் நின்றாள். கண்ணாடிக்குள் பட்டாணி, புதுப்பெண் ஒரு கையால் ஆட்டிய வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் மைக்கில் கூப்பிட்டாள். மெஷினில் ஊசி ஏறி இறங்கியது, ஆகவே குரல் உள்ளே போனது. குழந்தை வளையத்தையே பார்த்தது. மறுபடி கூப்பிட்டாள். அக்கா சத்தத்தைக் கூட்டினாள். மூன்றாம் தடவை புதுப்பெண்ணே திடுக்கிட்டுத் திரும்பிவிட்டாள். குழந்தை திரும்பவில்லை. கண்ணை மட்டும் ஒரு தடவை தாழ்த்தி, மறுபடி வளையத்தைப் பார்த்தது.

கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் திரும்பவில்லை. இதை அந்த இடத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. மூன்று மாதம் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அங்கே இருட்டுப் பெட்டி. எத்தனை தடவைதான் பார்க்கும்?

அக்காவின் கை குரங்கின் ஸ்விட்சுக்குப் போனது. இவள் குரலையும் குரங்கையும் சேர்த்து இரண்டு மூன்று தடவை போட்டால் குழந்தை மறுபடி திரும்பப் பழகிவிடும், அதுதான் முறை. இவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம்க்கா. அதுக்குக் காது மந்தமில்ல. பல்புதான் அவுட்டு.”

அக்காவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபிறகு ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாள்.

“கேக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்க்கா” என்றாள் இவள். “ரெண்டு வாரமா. பெத்த பிள்ளைக்கு.”

ஏழரை மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததில் முதலாவதாக வெளியே வந்தது இதுதான். அதைத் தொடர்ந்து மற்றதும் வந்தது, சிரிப்பு வராதது, அழுகை வராதது, காலையில் எழுந்ததும் வரும் மலைப்பு, எல்லாம். வரிசை இல்லாமல், பாதிப் பாதி வாக்கியமாக வந்தது. அக்கா சமாதானம் சொல்லத் தெரிந்தவள் இல்லை. மேலே இரண்டாம் மாடியில் அதற்கென்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார், நாளைக்குத் தானே கூட்டிப்போகிறேன் என்றாள். முதுகில் ஒரு கையை வைத்துவிட்டு எடுத்தாள். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் வெளுக்கும் மெஷின் ஒன்று உறுமத் தொடங்கியது. மூன்றரை ஆகிவிட்டது.

இவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். நாற்காலிக்குப் போகவில்லை. மூலைக்குப் போய், குரங்குப் பெட்டியை மறைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புதுப்பெண்ணிடம், வளையத்தை ஆட்டு, என்னைப் பார்க்காதே என்றாள். கூப்பிட்டாள். திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை, வறண்டு கிடந்தது. மூன்றாம் தடவை குழந்தையின் தலை கால்வாசி திரும்பியது. பழைய வழக்கத்தில், ஒரு பரிசும் கிடைக்காது என்று தெரிந்தும் ஒப்புக்குத் திரும்பியது போல இருந்தது.

அரை நொடிதான் இருக்கிறது. சிரிப்பைத் தேடினாள், கிடைக்கவில்லை. தேட நேரமும் இல்லை. கை இருந்தது. இரண்டு கையாலும் தன் தொடையில் மேளம் அடித்தாள். குரங்கு ஆட்டுவது போலவே தலையை ஆட்டி ஆட்டி அடித்தாள். முகம் அப்படியே கல்லாகத்தான் இருந்தது, கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

பட்டாணி முழுவதுமாகத் திரும்பினாள். சிரிக்கவில்லை. இவளும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறவர்களாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குழந்தை தலையைத் திருப்பி வளையத்துக்குப் போய்விட்டது.

கை வலித்தது. மடியில் வைத்தாள். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். இன்னொரு தடவை கூப்பிடலாம் என்று மூச்சை இழுத்தாள். வாயைத் திறக்கவில்லை. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை, வளையமும் அசையாமல் நின்றது. அறைக்குள் யாரும் எந்தச் சத்தமும் போடாதபோது பட்டாணி தானாகத் திரும்பி, அவள் அங்கே இருக்கிறாளா என்று பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து, தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டாள். அரை நொடி எப்போதோ தாண்டிவிட்டது. குழந்தை இன்னும் திரும்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையைத் தூக்கி மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.